இரண்டு அடி மண்

சந்திரம்மாள் வந்தபோது கஸ்தூரி செண்பகக் கன்றுகளுக்குப் பை மாற்றிக்கொண்டிருந்தாள். கார்த்திகை பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. மூன்று நாளாக விட்டுவிட்டு மழை. பச்சை வலைப் பந்தலின் பள்ளங்களில் தங்கிய தண்ணீர் நினைத்துக்கொண்டாற்போல் சடாரென்று கீழே கொட்டிக்கொண்டிருந்தது.

வேங்கிக்கால் தாண்டி, வேலூர் ரோட்டோரம் இருக்கிறது அவர்கள் நர்சரி. பந்தலுக்குப் பின்னால் செம்மண், எரு, தென்னைநார்த்தூள் என்று மூன்று குவியல்கள், மேலே தார்ப்பாய். கஸ்தூரியும் அவள் புருஷன் மணிவேலும் பன்னிரண்டு வருஷமாகப் புது வீடுகளுக்கும் லாட்ஜுகளுக்கும் தோட்டம் போட்டுத் தருகிறார்கள். ஆட்களைக் கூட்டிப்போய் வேலை வாங்குவது மணிவேல். இடத்தை அளந்து, எந்தச் செடிக்கு எத்தனை ஆழம், அதற்கு எத்தனை யூனிட் மண் என்று எழுதித் தருவது கஸ்தூரி. நூறு கன அடி ஒரு யூனிட். மூன்று யூனிட் என்று சொல்லி இரண்டரை ஏற்றிவரும் டிரைவர்கள், அவள் டேப்பை எடுத்துக்கொண்டு டிப்பர்மேல் ஏறுவதைப் பார்த்தாலே முகம் சுண்டிப்போவார்கள். கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ வரைக்கும் படித்தவள். மீதியை மண்ணிடமே கற்றுக்கொண்டாள். கொட்டின மண் இரண்டு மழைக்கு ஐந்தில் ஒரு பங்கு அமுங்கும். காய்ந்த மண் ஒரு எடை, அதே மண் நனைந்தால் வேறு எடை. ஒவ்வொன்றையும் உரக்கடைத் தராசில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

"யக்கா, உங்க வூட்டுக்காரர் இல்ல?" என்றாள் சந்திரம்மாள். கிரிவலப் பாதையில் சக்கரபாணியின் லாட்ஜில் ரூம் சுத்தம் செய்கிறவள். அங்கேயே மூன்றாவது மாடியில் ஒரு சின்ன அறையில் மகளோடு இருக்கிறாள்.

"புல்லு போட போயிருக்காரு. இன்னா சொல்லு."

"எங்க லாட்ஜு மேல போட்டீங்களே மண்ணு, அத்தக் கொஞ்சம் வந்து பாருங்க. என் ரூம் கதவு சாத்த மாட்டேங்குது. மேல இடிக்குது. பட்டறைக்காரனக் கூட்டியாந்து தேச்சு வுட்டேன். ரெண்டே நாளு, மறுபடி இடிக்குது. நேத்து களி கிண்டி வெச்சு உக்காந்தா தட்டுல சுண்ணாம்பு பொலபொலனு விழுது. மொதலாளிகிட்ட சொன்னா மழைக்காலத்துல கதவு உப்பும்னு சொல்றாரு. அது இரும்புக் கதவு யக்கா. இரும்பு எப்பிடி உப்பும்?"

கஸ்தூரி கையிலிருந்த கன்றைக் கீழே வைத்தாள்.

"அங்க அவ்ளோ மண்ணே கெடையாதே. நார்த்தூளு கலந்து அரை அடிக்குத்தானே போட்டது?"

"நார்த்தூளா? செம்மண்ணு யக்கா. மிஷின் வெச்சு மாடிக்கு பத்து நாளு இஸ்துகினு இருந்தாங்க. உங்க வூட்டுக்காரர்தான் கூட நின்னு ஏத்தினாரு." சந்திரம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அதுதான் முதலில் சுட்டது.

ஐப்பசி ஆரம்பத்தில் சக்கரபாணி இரண்டு பேரையும் வரச்சொல்லி மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். மலை கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. "தீபத்தன்னிக்கு இங்க நின்னா உச்சி நேரா தெரியும். வர்ற ஜனம் புல்லுமேல உக்காந்து ஜோதி பாக்கணும். நாலு செண்பகம், ரெண்டு மகிழம் வைங்க. நல்லா ரெண்டு அடிக்கு மண்ணு கொட்டுங்க" என்றார்.

கஸ்தூரி அளந்தாள். நாற்பதுக்கு முப்பது. கீழே இறங்கிப் போய் மூன்றாவது மாடி ஹாலையும் பார்த்தாள். ஆந்திராவிலிருந்து வருகிற கூட்டம் பாய் விரித்துப் படுக்கிற பெரிய ஹால். நடுவில் ஒரு தூண் கிடையாது.

"ரெண்டு அடினா ரெண்டாயிரத்தி நானூறு கன அடி சார். ஈர மண்ணு கன அடிக்கு அம்பது கிலோ வரும். நூத்தி இருபது டன்னு. இந்தத் தளம் தாங்காது."

"மண்ணுக்கு இன்னாம்மா எடை? வெயில்ல காஞ்சா தூசி."

"காயும் சார். மழையும் பெய்யுமே."

சக்கரபாணி மணிவேல் பக்கம் திரும்பினார். "இன்னாப்பா, உங்க வூட்டுல இவங்கதான் பேசுவாங்களா?"

மணிவேல் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ராத்திரி உட்கார்ந்து வேறொரு கணக்குப் போட்டுக் கொடுத்தாள். நார்த்தூளும் எருவும் கொஞ்சம் மண்ணும் கலந்து அரை அடி. வெறும் புல். மரம் வேண்டுமென்றால் ஓரத்தில், கீழே தூண் வருகிற இடமாகப் பார்த்துத் தொட்டியில். நனைந்தாலும் எல்லாமாகப் பதினெட்டு டன். கீழே தன் பெயரும் போன் நம்பரும் எழுதினாள். கட்டடம் கட்டின இஞ்சினியர் நேமிநாதன் அதைப் பார்த்து 'சரி' என்று கையெழுத்துப் போட்டதாக மணிவேல் சொன்னான். அப்புறம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று அவள் கீழ்பென்னாத்தூர் போய்விட்டாள். பதினாறு நாள் கழித்து வந்தபோது, "லாட்ஜு வேலை முடிஞ்சிடுச்சு" என்றான். அவளும் கேட்கவில்லை. கட்டின புருஷனிடம் எத்தனை அடி போட்டாய் என்று யார் கேட்பார்கள்?

கொக்கித் தராசு, டேப், ஒரு நீளக் கம்பி, காலி பெயிண்ட் வாளி எல்லாவற்றையும் ஒரு கோணியில் சுருட்டிக்கொண்டாள். மணிவேலுக்குப் போன் போட்டு, "லாட்ஜுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். ஷேர் ஆட்டோவில் போகிற வழியெல்லாம் சந்திரம்மாள் ஏதோ பேசிக்கொண்டே வந்தாள்.

மாடியில் புல் அழகாகத்தான் பிடித்திருந்தது. மழைக்குக் கழுவின பச்சை. நடுவில், அவள் வேண்டாம் என்று சொன்ன அதே இடத்தில், நாலு செண்பகமும் இரண்டு மகிழமும் ஆள் உயரத்துக்கு நின்றன. செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் கால் வைத்தாள். சொதசொதவென்று உள்ளே போயிற்று. தண்ணீர் போகும் குழாய்வாயை மண் அடைத்திருந்தது.

கம்பியை ஓரத்தில் குத்தினாள். தளத்தில் டங்கென்று தட்டியது. இழுத்து டேப் வைத்தாள். இருபத்தி நாலு அங்குலம். நாலடி தள்ளிக் குத்தினாள். இருபத்தஞ்சு. நடுவில், செண்பகத்துக்குப் பக்கத்தில் குத்தினாள். கம்பி இன்னும் போயிற்று. இருபத்தேழு.

மறுபடி குத்தினாள். இருபத்தேழுதான்.

மேலே புல் ஒரே மட்டமாக இருந்தது. ஏற்ற ஏற்ற மட்டம் பார்த்து நிரவியிருக்கிறார்கள்; கீழேதான் ஆழம் கூடியிருந்தது. அப்படியென்றால் தளம் நடுவில் மூன்று அங்குலம் இறங்கியிருக்கிறது. இருபது லிட்டர் வாளியில் மண்ணை வெட்டிப்போட்டுக் கொக்கியில் மாட்டித் தூக்கினாள். முப்பத்தெட்டு கிலோ. கன அடிக்கு ஐம்பத்து நாலு. மனசிலேயே பெருக்கினாள். நூற்றி முப்பது டன். தண்ணீர் குடிக்கக் குடிக்க இன்னும் ஏறும். போன புயலில் நனைந்த மலையே சரிந்து வீடுகள்மேல் வந்து விழுந்ததைப் பார்த்த ஊர் இது. ஈர மண்ணின் எடையை இங்கே ஒருத்தருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குனிந்து கம்பியால் குழாய்வாயைக் குத்திக் குத்தி அடைப்பை எடுத்தாள். செந்தண்ணீர் கொடகொடவென்று இறங்கியது. அதற்குள் மணிவேல் படியேறி வந்துவிட்டான். முழங்கால்வரை சேறு.

"இன்னாத்துக்கு இங்க வந்த?"

"எத்தினி அடி போட்ட?"

"இன்னா எத்தினி அடி?"

"மண்ணு. எத்தினி அடி போட்ட?"

அவன் மலையைப் பார்த்தான். "அவருதான் கேட்டாரு. மரம் வெக்கணும்னாரு. இத்த முடிச்சா மத்த ரெண்டு லாட்ஜும் நமக்குத்தான்னாரு."

"நான் தாங்காதுனு சொன்னேன்ல?"

"இஞ்சினியரு தாங்கும்னு கையெழுத்து போட்டிருக்காரு."

"எத்தப் பாத்துப் போட்டாரு? என் காயிதத்தப் பாத்து. அதுல அரை அடி. அவரு என்ன நம்பிப் போட்டாரு. நீ அவரு கையெழுத்தக் காட்டி ரெண்டு அடி ஏத்தின. உன்ன நம்பி அந்தாளு ஜனத்த உள்ள வுட்டுகினு இருக்காரு. கடசில எல்லாம் எங்க வந்து நிக்குது? என் பேருமேல நிக்குது. என் போன் நம்பருமேல நிக்குது."

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவனை அவள் வெளியிடத்தில் 'நீ' என்று சொன்னதில்லை. மணிவேலுக்கு முகம் கறுத்தது.

"உன் பேரு, உன் பேருனே பேசு. வெளிய என் பேரு எப்பிடிக் கெடக்குதுனு தெரியுமா உனக்கு? பொண்டாட்டி டேப்பு புடிச்சாதான் மணிவேலு மம்பட்டி எடுப்பான்னு டிப்பர்காரன்லாம் சிரிக்கறான். அந்தாளு என் மூஞ்சிக்கு நேரா கேட்டாரு. ஒரு வேலை, ஒரே ஒரு வேலை, நானா முடிக்கணும்னு நெனச்சேன். தப்பா?"

"உன் ரோஷத்துக்கு கீழ இருக்கறவங்க சாவணுமா?"

"யாரும் சாவல இப்போ!"

"இன்னும் சாவல" என்றாள். "வா, காட்டறேன்."

ஹாலில் நாற்பது பேருக்குமேல் இருந்தார்கள். மழைக்குப் பயந்து கிரிவலம் போகாமல் பாய்களில் உட்கார்ந்து, வாழையிலையில் புளிச்சாதம் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கைக்குழந்தை நடுவில் தவழ்ந்துகொண்டிருந்தது. கஸ்தூரி மேலே கை காட்டினாள். ஹாலுக்குக் குறுக்கே ஓடின பீமின் அடியில் வெள்ளைப் பூச்சைப் பிளந்துகொண்டு ஒரு விரிசல். காசு நுழையும் அகலம். அதிலிருந்து செந்தண்ணீர் கசிந்து சொட்டியது. அந்த இடத்தில் யாரோ ஒரு குண்டானை வைத்திருந்தார்கள்.

மணிவேல் அண்ணாந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

சத்தம் கேட்டுச் சக்கரபாணி வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் பட்டையாக விபூதி.

"ஏம்மா, விருந்தாளிங்க சாப்பிடற நேரத்துல இன்னா கலாட்டா? எதுவா இருந்தாலும் ஆபீசுக்கு வா, பேசலாம்."

"இங்கியே பேசலாம் சார். ஜனத்த வெளியேத்துங்க. தளம் மூணு அங்குலம் எறங்கிடுச்சு."

"அது பூச்சு வெடிப்பும்மா. எல்லாக் கட்டடத்துலயும் இருக்கும். தீபம் முடியட்டும், ஆளு வெச்சு மண்ண கம்மி பண்ணிக்கலாம். இப்ப எல்லா ரூமும் புக்காயிருக்குது. நீ போயி கெளப்பி வுடாத."

"சரி சார். பூச்சு வெடிப்புதான?" கஸ்தூரி ஹாலின் நட்டநடுவில், குண்டானுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "இங்க வாங்க. என் பக்கத்துல வந்து நில்லுங்க. நீங்க சொல்றத முழுசா கேக்கறேன்."

சக்கரபாணி வாசற்படியில் நின்றிருந்தார்.

"வாங்க சார். உங்க கட்டடம்தானே."

அவர் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டார். மேலே ஒருதரம் பார்த்தார். கால் நகரவில்லை. "அதெல்லாம் எதுக்கு… இங்கேர்ந்தே பேசலாமே" என்றார்.

சந்திரம்மாள் நகராத அந்தக் காலைப் பார்த்தாள். தன் மகள் படுக்கிற அறையின் கதவைப் பற்றி இத்தனை நாளாகச் சொல்லிச் சொல்லிச் சலித்தவள். குனிந்து அந்தக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். குழந்தையின் தாய் அலறிக்கொண்டு பின்னால் ஓடினாள். "லேவண்டி! பயட்டிக்கி ரண்டி!" என்று சந்திரம்மாள் படியில் நின்று கத்தினாள். எழுந்திருங்கள், வெளியே வாருங்கள் என்று, பத்து வருஷம் ஆந்திராக்காரர்களுக்குப் பாய் விரித்துப்போட்டதில் வந்த தெலுங்கு. பாதிச் சாப்பாட்டில் இலைகளைப் போட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் எழுந்தது.

"என் பொழப்புல மண்ணப் போடறியே!" என்று சக்கரபாணி கத்தினார்.

"நீங்க கேட்டு வாங்கிப் போட்டுகினதுதான் சார். ரெண்டு அடி" என்றாள் கஸ்தூரி.

நேமிநாதனுக்கு அவள்தான் போன் செய்தாள். நாலரை மணிக்கு வந்தார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிற சமண நயினார் வீட்டு மனுஷர். சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்திருந்தார். கை மட்டும்தான் கழுவியிருந்தார், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். பீமைப் பார்த்ததும் ஹாலுக்குள்ளே காலே வைக்கவில்லை. திரும்பிக் கஸ்தூரியிடம்தான் முதலில் பாய்ந்தார்.

"உன் எழுத்த நம்பித்தானேம்மா நான் கையெழுத்து போட்டேன்! அரை அடினு எழுதிட்டு இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"அரை அடினுதான் எழுதினேன். நீங்க ஒரு நாளு வந்து பாத்திருந்தா ரெண்டு அடினு தெரிஞ்சிருக்கும். பத்து நாளு மிஷின் ஓடியிருக்குது சார். காயிதத்துல கையெழுத்து போடற எடத்துலேர்ந்து இந்த மாடி எவ்ளோ தூரம்?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தன் ஆட்களுக்குப் போன் போட்டு இரும்பு ஜாக்கிகள் கொண்டுவரச் சொன்னார். தீயணைப்பு நிலையத்துக்கும் சொன்னார். அவர்கள் வந்து கீழ்த்தளம் வரைக்கும் ஆட்களை வெளியேற்றி ரோட்டில் கயிறு கட்டினார்கள். பீமுக்கு அடியில் ஜாக்கிகள் நின்றபிறகு, "நடுவுலேர்ந்து மண்ண எடுக்கணும். நாலே பேரு. அதுக்குமேல ஒரு ஆளு ஏறக் கூடாது" என்றார்.

கூட்டத்தில் யாரும் முன்னுக்கு வரவில்லை. கஸ்தூரி மம்பட்டியை எடுத்து மணிவேலிடம் நீட்டினாள்.

"நீதான ஏத்தின. எறக்கு."

வாங்கிக்கொண்டு போனான். அவளும் போனாள். அவன் ஆட்களில் இரண்டு பேர், சொல்லாமலே பின்னால் ஏறினார்கள். செண்பகத்தை வேரோடு பிடுங்கிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே போட்டார்கள். மண்ணைப் பாண்டுச் சட்டியில் அள்ளி, சுவர்மேல் தூக்கி, காலி மனைப் பக்கம் கொட்டினார்கள். நனைந்த மண் மம்பட்டியை விடவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் உறிஞ்சி இழுத்தது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மணிவேல் ஒருதரம் நிமிர்ந்து, "நீ கீழ போ, நான் பாத்துக்கறேன்" என்றான்.

"நீ பாத்துகினதத்தான் பாக்கறேனே" என்று பாண்டைத் தூக்கினாள்.

வெளிச்சம் போனதும் இஞ்சினியர் நிறுத்தச் சொன்னார். நடுப்பகுதி பாதிக்குமேல் இறங்கியிருந்தது. நேமிநாதனுக்கு யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். "பொழுது போயிடுச்சு, வேணாம்" என்று கைகாட்டிவிட்டுப் பசியோடு ரோட்டோரத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

மொத்த மண்ணும் இறங்க ஐந்து நாள் ஆயிற்று. கட்டடம் விழவில்லை. பீம் மட்டும் திரும்ப மேலே வரவில்லை. மேல்மாடிக்குச் சீல் வைத்தார்கள். சந்திரம்மாளும் மகளும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஒண்டுக்குடித்தனத்துக்குப் போனார்கள். தீபத்துக்கு வந்த ஜனம் வேறு மாடிகளில் நின்று ஜோதி பார்த்தது. ஊரில், தீப சமயத்தில் ஒரு பொம்பளை லாட்ஜையே மூட வைத்துவிட்டாள் என்றுதான் பேச்சு. விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருத்தரும் பேசவில்லை. விழாததால் அவள் சொன்னதே பொய் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். நர்சரிக்கு வருகிற டிரைவர் ஒருவன் அதை அவள் காதுபடச் சொன்னான். "வெளிய போடா" என்று அவனை டிப்பரோடு திருப்பி அனுப்பினாள்.

வீட்டில் சோறு ஆக்கினாள், போட்டாள். மணிவேல் சாப்பிட்டான். ஒருநாள் தட்டில் கை வைத்துக்கொண்டே, "தெரியாமப் பண்ணிட்டேன் கஸ்தூரி" என்றான்.

"தெரியாம இல்ல. நூத்தி இருபது டன்னுனு உன் முன்னாடிதான சொன்னேன். தெரிஞ்சுதான் பண்ணின. அத்தயாவது சரியா சொல்லு."

அவன் பாதியில் கை கழுவிக்கொண்டான்.

தீபம் முடிந்து எட்டாம் நாள் வேங்கிக்காலில் ஒரு அரசு ஆபீசுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சக்கரபாணி முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். மண் போட்டது தோட்டக்காரர்கள், கணக்கு கொடுத்தது அந்த அம்மாள், தனக்கு ஒன்றும் தெரியாது என்று. நேமிநாதன் நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது தன் தவறு என்று இரண்டு வரியில் எழுதியிருந்தார். அதிகாரி கஸ்தூரியின் அரை அடிக் காகிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நல்ல மனுஷர்தான்.

"உங்க கணக்கு சரியா இருக்கும்மா. ஆனா அரை அடி எப்பிடி ரெண்டு அடி ஆச்சுனு எழுதணும். 'வேலை நடக்கும்போது அளவு கூடிவிட்டது'னு பொதுவா போட்டுக்கலாம். உங்க வூட்டுக்காரருக்கும் பெருசா ஒண்ணும் வராது. மொதலாளிகூட அத்தோட வுட்டுடுவாரு. இன்னா சொல்றீங்க?"

மணிவேல் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தலை குனிந்திருந்தது.

"அளவு தானா கூடாது சார்" என்றாள். "மண்ணு தானா மாடி ஏறாது."

பேனாவை வாங்கி எழுதினாள். முதலாளி சக்கரபாணி இரண்டு அடி கேட்டார். தாங்காது என்று நான் அவர் முன்னாலும் என் கணவர் முன்னாலும் சொன்னேன். நான் ஊரில் இல்லாதபோது, சொன்னது தெரிந்தே, என் கணவர் மணிவேல் இரண்டு அடி மண் ஏற்றினார். கீழே நாற்பது பேருக்குமேல் தங்கியிருந்தார்கள்.

"கஸ்தூரி" என்றான் மணிவேல், மிக மெதுவாக.

அவள் கை நிற்கவில்லை. பெயர் எழுதி, தேதி போட்டு, காகிதத்தை அதிகாரியிடம் கொடுக்காமல் அவன் மடியில் வைத்தாள்.

"படி. தப்பா எழுதியிருந்தா சொல்லு."

அவன் படித்தான். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மறுபடியும் முதலிலிருந்து படித்தான்.

"தப்பு ஒண்ணும் இல்ல" என்றான்.

"அப்ப நீயும் போடு."

பேனாவை நீட்டினாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அங்கே கோபம் துளியும் குறையாமல் அப்படியே இருந்தது. பேனாவை வாங்கி, அவள் பெயருக்குக் கீழே, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினான்.